கைக்குள் அடங்கும் கேமராவோடு சேலத்திலும் சேர்வராயன் மலையிலும்: ஒரு முழுமையான வழிகாட்டி

லென்ஸ் மாற்றும் வசதியுள்ள மிகச் சிறிய கேமராவை ஆசையாக வாங்குகிறவர்கள், கொஞ்ச நாளிலேயே அதற்கு மூன்று லென்ஸ், ஒரு ஃபிளாஷ், எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு தோள்பை என்று சேர்த்துவிடுகிறார்கள். பை கனத்ததும் கேமரா அலமாரியில் தங்கிவிடுகிறது. கடைவீதிக்குக் காய்கறி வாங்கப் போகும்போது கையில் செல்போன்தான் இருக்கிறது. எதற்காக அந்தக் கேமராவை வாங்கினார்களோ அந்தக் காரணமே போய்விட்டது.

நான் சொல்லவரும் முறை எளிமையானது. எல்லா முடிவுகளையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். எந்த லென்ஸ், எந்த ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்), எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்பதெல்லாம் செருப்பு மாட்டுவதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும். சிறிய கேமராவில் பொத்தான்கள் நெருக்கமாக இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும், திரை வெயிலில் தெரியாது. தெருவில் நின்று மெனுவைத் துழாவினால் இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும். முன்பே அமைத்து வைத்திருந்தால் இவற்றில் பாதி உங்களைத் தொடாது.

எந்தக் கேமரா

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது பானசோனிக் ஜிஎம்1. 2013இல் வந்தது. அகலம் 98.5 மி.மீ., உயரம் 54.9 மி.மீ. ஓர் ஏடிஎம் அட்டையைவிட ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் அகலம் அதிகம்; உயரம் ஏறத்தாழ அதேதான். பேட்டரியும் கார்டும் சேர்த்து 204 கிராம். அதற்குள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற அளவிலான 16 மெகாபிக்சல் சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு, இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த ஜிஎம்5இல் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் உண்டு. இரண்டும் இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதாகத்தான் கிடைக்கும்.

2011இல் வந்த பென்டாக்ஸ் க்யூவும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் அதன் சென்சார் அக்காலத்துச் சாதாரண டிஜிட்டல் கேமராக்களில் இருந்த அளவுதான். மாலை வெளிச்சம் குறைந்ததும் தடுமாறும். ஒலிம்பஸ் பென் வரிசையில் இ-பிஎல் மாடல்கள் சற்றுப் பெரியவை. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி பாடிக்குள்ளேயே இருப்பது அவற்றின் பலம். கேனன் எம்200 போன்றவற்றில் சென்சார் இன்னும் பெரிது, லென்ஸ்களும் அதற்கேற்பப் பெரிது. கீழே சொல்வது பெரும்பாலும் ஜிஎம்1ஐ மனத்தில் வைத்து எழுதியது என்றாலும், மற்றவற்றுக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

பழைய கேமரா வாங்கும்போது நேரில் போய்ப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல எதுவும் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பிறகு லென்ஸின் துவாரமான அபர்ச்சரை எஃப் 16இல் (எண் கூடினால் துவாரம் சிறிது) வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சார் தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறலை ஒன்றும் செய்ய முடியாது. பேட்டரி உப்பியிருக்கிறதா, வெளியே எடுக்கும்போது சிக்குகிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

ஒரே ஒரு லென்ஸ்

லென்ஸ் மாற்ற முடிகிறது என்பதற்காகத் தெருவில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் மாற்றுங்கள்; அன்றைய நாளுக்கு ஒன்று. சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தூசியில் லென்ஸைக் கழற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் எந்த லென்ஸின் குவிய தூரத்தையும் இரண்டால் பெருக்கினால் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் அதன் பார்வைக் கோணம் கிடைக்கும். பானசோனிக் 20 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் 40 மி.மீ. போலப் பார்க்கும். ஒரு மனிதர், அவர் செய்யும் வேலை, அவருக்குப் பின்னால் கொஞ்சம் கடை: இவ்வளவும் அடங்கும் கோணம் அது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதைத்தான் சொல்வேன். ஆட்டோஃபோகஸ் சற்று மெதுவானது. அதற்கு வழி கீழே இருக்கிறது. 14 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் 55 கிராம்தான். குறுகலான சந்துகளுக்கும் பேருந்துக்குள் எடுப்பதற்கும் நல்லது. கேமராவோடு வரும் 12-32 ஜூம் பகல் வெளிச்சத்துக்குப் போதும். தொலைவில் உள்ளதை இழுக்கும் டெலி லென்ஸை மலைக்குப் போகும் நாளில்கூட நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே தெரியும் சேலத்தை இழுத்து எடுத்தால் பெரும்பாலும் புழுதி மங்கல்தான் பதிவாகும்.

வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டியவை

முதலில் டயலை அபர்ச்சர் முன்னுரிமையில் வையுங்கள்; பெரும்பாலான கேமராக்களில் அது ஏ என்ற எழுத்து. பகலில் எஃப் 5.6, மாலையில் எஃப் 2. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, மேல் எல்லையை 1600 என்று கட்டுங்கள், இரவில் 3200. அதற்கு மேல் இந்தச் சென்சாரில் நிறம் வெளுக்கத் தொடங்கும். ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குக் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் குறிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் 1/125 நொடி என்று வையுங்கள். இல்லையென்றால், மனிதர்கள் நடமாடும் இடத்துக்குப் போனதும் ஷட்டர் முன்னுரிமைக்கு மாறி அதே 1/125ஐ நீங்களே வையுங்கள். அசைவில் மங்கிய முகத்தைவிடக் கொஞ்சம் மணல்மணலாகத் தெரியும் முகம் எவ்வளவோ மேல்.

ராவும் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்துப் பதிவாகும்படி வையுங்கள். 32 ஜிபி கார்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கும். படம் எடுத்தவுடன் திரையில் காட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். பேட்டரி மிச்சமாகும், உங்கள் கண்ணும் எதிரே நடப்பதிலேயே இருக்கும். ஜிஎம்1இன் பேட்டரி ஒரு சார்ஜில் ஏறத்தாழ 230 படங்களுக்குத்தான் என்பதால், சட்டைப்பையில் இன்னொரு பேட்டரி கட்டாயம். ஒரு நிமிடத்தில் தானாக உறங்கும்படியும் வையுங்கள்.

தொட்டவுடன் படம் எடுக்கும் டச் ஷட்டரை நிறுத்திவிட்டு, தொட்டால் ஃபோகஸ் மட்டும் நகரும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் கேமராவைப் பையில் போட்டு எடுப்பதற்குள் பை உள்புறத்தின் படங்கள் வரிசையாகச் சேர்ந்திருக்கும். படத்தை வெளிச்சமாக்கவோ இருளாக்கவோ உதவும் எக்ஸ்போஷர் திருத்தத்துக்கு ஒரு பொத்தானை ஒதுக்கி, அதைப் பார்க்காமலே விரல் தேடிப் பிடிக்கும்வரை பழகுங்கள். இந்த ஊரில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேவைப்படப்போவது அந்தப் பொத்தான்தான்.

பிடிக்கும் விதம்

சிறிய கேமராவை இரண்டு விரல் நுனிகளில் தூக்கி முகத்துக்கு முன்னால் நீட்டினால் படம் ஆடும். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து அதன்மேல் கேமராவை உட்கார வையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லென்ஸைச் சுற்றட்டும். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். வியூஃபைண்டர் இல்லாத கேமராவுக்கு இன்னொரு நல்ல வழி: கழுத்தில் மெல்லிய வாரை மாட்டி, அது விறைப்பாகும்வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். வார் இழுபடும் விசையில் கை நிலைப்படும். 20 மி.மீ. லென்ஸில் 1/30 வரைகூட இப்படித் தெளிவாக எடுக்கலாம், எதிரே இருப்பவர் அசையாமல் இருந்தால்.

தூரத்தைக் கணித்து ஃபோகஸ்

சின்னக்கடை வீதியில் பூக்கட்டும் அம்மாவின் கை, பெட்டி சுமந்து குறுக்கே வரும் ஆள், சைக்கிளில் போகும் பையன் எல்லோரும் ஓரிரு நொடிகளில் கடந்துவிடுவார்கள். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருந்தால் படம் போச்சு. இதற்குப் பழைய ஃபிலிம் காலத்து வழியே சிறந்தது.

20 மி.மீ. லென்ஸில் அபர்ச்சர் எஃப் 8, ஃபோகஸ் 3.3 மீட்டரில். இப்போது ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே போதுமான தெளிவோடு விழும். 14 மி.மீ. லென்ஸ் என்றால் எஃப் 5.6, 2.3 மீட்டர், 1.2 மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவு. 3.3 மீட்டர் என்பது சாதாரண நடையில் நாலரை எட்டு. ஒரு தூணையோ நின்றிருக்கும் ஸ்கூட்டரையோ அந்தத் தூரத்தில் பார்த்து ஆட்டோஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஜிஎம்1இன் மேல்புறத்தில் இதற்கென்றே ஒரு சிறு திருகு இருக்கிறது. கேமராவை அணைத்தால் இந்த லென்ஸ்கள் தூரத்தை மறந்துவிடக்கூடும். ஆகவே திரும்ப இயக்கியதும் மறுபடி ஒருமுறை அளவிட்டுக்கொள்ளுங்கள்.

இதன்பின் பொத்தானை அழுத்தினால் தாமதமில்லை. வெயிலில் திரை தெரியாவிட்டாலும் கவலையில்லை. நாலரை எட்டு தூரத்தில் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது சில வாரங்களில் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

உச்சி வெயிலும் ஷட்டரும்

சேலத்தில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். கண்குழியில் கருநிழல், மூக்கில் வெள்ளை. முகங்களை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். கடைகளின் துணிப்பந்தல்களுக்குக் கீழே போங்கள். வெயில் தரையில் பட்டுத் திரும்பி, பந்தலுக்குள் இருப்பவரின் முகத்தில் கீழிருந்து மெல்ல ஏறும். மதிய நேரத்தில் இதைவிட நல்ல வெளிச்சம் நம் ஊரில் கிடையாது.

ஜிஎம்1இல் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. அதன் இயந்திர ஷட்டர் 1/500 வரைதான். அதற்கு மேல் 1/16000 வரை மின்னணு ஷட்டர் வேலை செய்யும். ஐஎஸ்ஓ 200இல், நல்ல வெயிலில், எஃப் 8 வைத்தாலே 1/800 தேவைப்படும். அதாவது நம் ஊர்ப் பகலில் நீங்கள் அறியாமலே மின்னணு ஷட்டருக்குள் போய்விடுவீர்கள். அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. நிற்கும் பொருளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஓடும் பேருந்தோ சரிந்து வரையப்பட்டது போல விழும். ஐந்து ரோட்டுச் சந்திப்பின் போக்குவரத்தை எடுக்க ஆசைப்பட்டால் நான்கில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் என்டி ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். 20 மி.மீ. லென்ஸுக்கு 46 மி.மீ. விட்டம், 12-32க்கு 37 மி.மீ.

வெள்ளை விஷயம்

சேலத்தில் படம் எடுக்கிறவர் வேறு எதைக் கற்காவிட்டாலும் வெள்ளையை எடுக்கக் கற்க வேண்டும். சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகளின் உலர்களங்கள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு, ஏற்காட்டுப் பாதையில் மூடுபனி, பங்குனி வாக்கில் கோடை மழை விழுந்தால் காபிப் பூ. எல்லாமே வெள்ளை.

கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். ஜவ்வரிசி பரப்பிய களத்தைச் சட்டம் நிறைய வைத்து எடுத்தால், வெயிலில் கண் கூசும் அந்தப் பரப்பு படத்தில் சிமெண்டு போல விழும். இதற்கு எக்ஸ்போஷர் திருத்தத்தை +1க்கு ஏற்றுங்கள். ஒரு படம் எடுத்து, வெளுத்த பகுதிகளை மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கினால் சரி; பெரிய திட்டாக மினுக்கினால் திருத்தத்தை +0.7க்கு இறக்குங்கள். களத்தில் ஜவ்வரிசியை ஒதுக்கித் தள்ளும்போது பலகை போன இடமெல்லாம் சிறு வரப்புகள் நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் வெளிச்சம் பக்கவாட்டில் சாயும்போது ஒவ்வொரு வரப்புக்கும் நீலம் கலந்த நிழல் விழும். மணிகள் தனித்தனியாகத் தெரியும். தள்ளுகிற ஆளின் காலடியை ஓரத்தில் வையுங்கள். அது இல்லாவிட்டால் படம் பார்ப்பவருக்கு அளவு புரியாது. வெறும் மணல்மேடு என்று நினைப்பார்.

வெள்ளிக்குக் கணக்கு வேறு. அது பளபளக்கும் பொருள். எதிரே இருப்பதைத்தான் காட்டும். கொலுசின்மேல் நேராக விளக்கு விழுந்தால் வெள்ளைப் புள்ளிகளும் கருங்கோடுகளும் மட்டுமே மிஞ்சும். பட்டறைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, சன்னலின் வெளிச்சமே கொலுசில் பிரதிபலிக்கும்படி பாருங்கள். பற்றவைக்கும் சுடர் படத்தில் வரவேண்டுமென்றால் திருத்தத்தை -1க்கு இறக்குங்கள். சுடரின் நீலம் தங்கும், வேலை செய்கிறவரின் முகத்தில் பாதி இருளுக்குப் போகும். அது அந்த அறைக்குப் பொருந்துவதுதான்.

விளக்கு வெளிச்சத்தில்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, மின்னணு ஷட்டருக்குத் தெரியும், படம் முழுவதும் பட்டைபட்டையாகக் கோடு விழும். ஆகவே விளக்கடியில் இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். வேகத்தை 1/100 அல்லது 1/50இல் நிறுத்துங்கள்.

மாலையில் தட்டுவடை வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும்போது இதைப் பழகலாம். எஃப் 2, 1/100, ஆட்டோ ஐஎஸ்ஓ. முதலில் ஒரு செட் வாங்கிச் சாப்பிடுங்கள். வண்டிக்காரரின் கை எந்த வரிசையில் போகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். தட்டை, அதன்மேல் சட்னி, துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், மேலே மூட இன்னொரு தட்டை. மேல் தட்டையைக் கட்டைவிரலால் இலேசாக அழுத்தும்போது பீட்ரூட் ஓரத்தில் பிதுங்கும்; படம் அந்தக் கணம்தான். ஃபோகஸை முகத்தில் வைக்காமல் விரல்களில் வையுங்கள். வண்டியில் தொங்கும் பல்பு சட்டத்துக்குள் வந்தால் மற்றதெல்லாம் இருண்டுவிடும். அரை எட்டு நகர்ந்து, பல்பைக் கூரைக் கம்பிக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். தட்டையை உடைத்துக் கலக்கும் நொறுக்கல் போடும்போது கை வேகம் கூடும்; அப்போது 1/200ம் 3200ம் தேவைப்படும். கோடு விழுந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மலைக்குப் போகும் நாள்

ஏற்காட்டுப் பேருந்தில் சன்னலோரம் கிடைத்தால் 14 மி.மீ. லென்ஸோடு உட்காருங்கள். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பேருந்து கிட்டத்தட்ட நின்று திரும்பும். அந்த நொடியில் எடுங்கள். கண்ணாடியைத் திறந்துவிட்டு, கேமராவின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கையை வெளியே நீட்டாதீர்கள். குரங்குகள் இருக்கும் திருப்பங்களில் கேமராவை மடியில் வைத்திருப்பதே நல்லது.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கும்போது பலர் தொலைவுக் காட்சிக்காக பகோடா பாயிண்ட் காட்சிமுனையில் காத்திருப்பார்கள். சிறிய கேமரா வைத்திருப்பவர் அந்த நேரத்தில் எஸ்டேட் ஓரச் சாலையில் நடக்க வேண்டும். பனிக்கு மூன்று மீட்டருக்குள் ஒரு பொருள் வேண்டும்: ஒரு காபிக் கிளை, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். அதற்குப் பின்னால் ஒவ்வொரு மரமும் ஒரு படி வெளிறிக்கொண்டே போகும். ஆழம் தானாக வந்துவிடும். திருத்தம் +0.7. ஆட்டோஃபோகஸ் பனியில் திணறினால் மரப்பட்டையின் விளிம்பைத் தொட்டுக் காட்டுங்கள்.

காபிப் பூ மார்ச், ஏப்ரல் கோடை மழைக்குப் பின் மலரும். சில நாட்களில் உதிர்ந்துவிடும். மல்லிகை வாசனை சாலையிலேயே தெரியும். கிளையின் கணுக்கள்தோறும் கொத்தாக இருக்கும். 20 மி.மீ. லென்ஸ் 20 சென்டிமீட்டர் வரை நெருங்கவிடும். எஃப் 4, 1/250. கிளை காற்றில் ஆடும், ஆகவே தொடர்ந்து நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே நின்றே எடுக்கக் கிடைக்கும். எஸ்டேட்டுக்குள் நுழைய அனுமதி கேளுங்கள். பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியில் அங்கே இருப்பவர்களுக்குக் கூலி நேரம். வேலையை நிறுத்தி நிற்கச் சொல்வது நியாயமில்லை.

ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் ஈரம் பூக்கும். துடைக்காதீர்கள். இறங்குவதற்கு முன்பே கேமராவை மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வெளியே பதினைந்து நிமிடம் விட்டால் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் மலைக்குப் போய்வந்த லென்ஸைத் தோல் உறையில் போட்டு மறந்துவிடக் கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூஞ்சைக்கு ஈரமும் இருட்டும் போதும்.

மனிதர்களை எடுக்கும்போது

பெரிய கேமராவைக் கண்டால் சட்டைக் காலரைச் சரிசெய்கிற மனிதர்கள் சிறிய கேமராவைக் கண்டுகொள்வதில்லை. அந்த வசதியைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தக் கூடாது. சத்தமில்லாத மின்னணு ஷட்டரோடு இடுப்பளவில் பிடித்து, தெரியாமல் எடுப்பதை நான் செய்வதில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன். "அண்ணா, நீங்கள் வேலை செய்வதைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் போதும். அவர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார், நீங்கள் எடுக்கத் தொடங்கலாம். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுங்கள். வெள்ளிப் பட்டறைகளில் உரிமையாளரிடம் கேளுங்கள். எடுத்த படத்தை இணையத்தில் போடும்போது முகவரியோ பெயர்ப்பலகையோ வேண்டாம். அங்கே இருப்பது விலை உயர்ந்த பொருள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் இந்தக் கேமரா மிக வசதி. ஆனால் எந்தக் கோவிலானாலும் சந்நிதிக்குள் எடுக்கக் கூடாது.

படம் எடுத்த பிறகு

அன்றிரவே கார்டை டைப்-சி கார்டு ரீடர் வழியாகச் செல்போனிலோ கணினியிலோ இறக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். தேர்வை மட்டும் அன்று செய்யாதீர்கள். எடுத்த களைப்பும் ஆசையும் இருக்கும்போது எல்லாமே நன்றாகத் தெரியும். ஒரு வாரம் கழித்துப் பார்த்து, நூறில் ஐந்தை வைத்துக்கொண்டால் அதிகம். வெள்ளைப் படங்களுக்கு ராவைத் திறந்து வெளுப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். மற்றவற்றுக்கு ஜேபெக்கே போதும்.

பிறகு அச்சுப் போடுங்கள். 16 மெகாபிக்சல் படம் 4592 x 3448 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்திலேயே 15 x 11 அங்குலம் வரை போகும். 4 x 6 அச்சு எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்கும். படத்தில் இருக்கிறவருக்கு ஒன்று போடுங்கள், பின்பக்கம் தேதி எழுதுங்கள், அடுத்த முறை அந்தத் தெருவுக்குப் போகும்போது கையில் கொடுங்கள். தட்டுவடை வண்டிக்காரர்களுக்குக் கொடுப்பதென்றால் லேமினேட் செய்தே கொடுங்கள்; சட்னி படும்.